பழைய பிரிட்ஜை யாருக்குக் கொடுப்பது? ரிப்பேர்காரர் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் வேலையில் எனக்கு முப்பது வருடம் ஆகப்போகிறது. பழைய சாமானை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, கொடுத்துவிடுவதா என்று நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்கி எத்தனை வருடம் ஆச்சு என்பதை நான் கடைசியில்தான் கேட்பேன். என்ன கெட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

சாட்ஸ்வர்த்: அண்ணா, எங்கள் பிரிட்ஜுக்கு 20 வயது. குளிர்கிறது, ஆனால் நிற்காமல் ஓடுகிறது. புதுசு வாங்கிக்கொண்டு, இதை வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுக்க நினைக்கிறேன். சரிதானே?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு பத்து ராண்ட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது. கதவைச் சுற்றி நாலு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். பின்பக்கக் கம்பிச்சுருளில் தூசி அடைத்திருந்தாலும் பிரிட்ஜ் ஓய்வில்லாமல்தான் ஓடும். இரண்டையும் சரிசெய்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு கீசர் உட்பட எல்லாவற்றையும் அணைத்து, பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு பிரிபெய்ட் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குத் திரும்பப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் 0.7 யூனிட் குறைந்திருந்தால் ஒரு நாளைக்கு 2 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 60 யூனிட்டுக்கு மேல். நம் நாட்டில் வசதியில்லாத வீடுகளுக்கு இலவச மின்சாரம் என்று அரசு வைத்த அளவே மாதம் 50 யூனிட்தான். அந்த அம்மாவுக்கு அது கிடைத்தால் உங்கள் பிரிட்ஜ் ஒன்றே அதைத் தின்று தீர்த்துவிடும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். என் அம்மாவின் பழைய பிரிட்ஜைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, தெரிந்த ஒரு விதவைப் பெண்ணுக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை அதற்குள் மடித்து அடுக்கியிருந்தார். நான் சங்கடப்படக் கூடாதே என்று, "பூச்சி வராதுங்க" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அது வாங்குகிறவருக்குச் சொன்னது. கொடுக்கிறவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

ரப்பர் மாற்றி மீட்டர் கணக்கு இறங்கினால் தாராளமாகக் கொடுங்கள். இறங்காவிட்டால் மின்கழிவு எடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து இங்கே மின்சாரச் சாமான்களைக் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது. காப்பருக்காகக் குழாயை அறுத்து கேஸைத் திறந்துவிடும் ஆட்களிடம் கொடுக்காதீர்கள்.

வெருளம்: லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் வந்த அடியில் வாஷிங் மெஷின் போர்டு போய்விட்டது. போர்டு விலை புது மெஷினில் பாதி. என்ன செய்வது?

2022, 2023-இல் லோட் ஷெடிங் ஸ்டேஜ் 6 வரை போனதே (ஸ்டேஜ் ஏற ஏற கரண்ட் வெட்டும் கூடும்), அப்போது என் கடை வாசலில் நின்றது எல்லாம் இந்தக் கேஸ்தான். கரண்ட் போவது ஆபத்தில்லை, திரும்பி வரும் நொடிதான் ஆபத்து. போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். பிரிட்ஜுக்கும் அந்த ஐந்து நிமிடம் வேண்டும், உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும்.

உங்கள் மெஷினுக்கு வருவோம். கதவைத் திறந்து டிரம்மைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங்கும் போகிற நிலையில் இருக்கிறது, போர்டுக்குக் காசு போடாதீர்கள். ஆடாமல் கல் மாதிரி நின்றால், போர்டையே ரிப்பேர் பண்ணுகிற ஒரு பையனைப் பிடியுங்கள். பல சமயம் எரிந்திருப்பது அதில் ஒரு சின்ன உறுப்புதான். முழுப் போர்டு வாங்குவது கடைசி வழி.

டோங்காட்: ஆயா கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர். இப்போது ம்ம்ம் என்று முனகுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

யார் சொன்னது? பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கையால் மோட்டரைச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் போயிருக்கும். பிரெட் வாங்குகிற காசுக்கு இல்லை என்றாலும், இரண்டு பன்னி சௌ (பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் நம் டர்பன் சாப்பாடு) வாங்குகிற காசுக்குக் கிடைத்துவிடும். பெல்ட்டும் காய்ந்திருந்தால் சேர்த்து மாற்றுங்கள். மாவு கொரகொரப்பாக வந்தால் கல்லைக் கொத்தினால் போதும். இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 சைக்கிள்தான், அதனால் டிரான்ஸ்பார்மர் தேவையில்லை. அந்த ஊர்ப் பெரிய மூன்று கால் பிளக் நம் சாக்கெட்டிலேயே உட்காரும். சின்ன பிளக் என்றால் வெட்டிவிட்டு நம் ஊர் பிளக் போடுங்கள். அடாப்டருக்கு மேல் அடாப்டர் வேண்டாம்.

லெனேசியா: டர்பனில் நன்றாக இருந்த ரைஸ் குக்கர், இங்கே வந்ததிலிருந்து சோறு அரைவேக்காடாக ஆக்குகிறது. மாற்றலாமா?

புதுசு வாங்கினாலும் இதேதான் நடக்கும். ஜோஹானஸ்பர்க் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே. அங்கே தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியை அரை மணி ஊறவைத்து, கொஞ்சம் தண்ணீர் கூட்டி வையுங்கள்.

பீனிக்ஸ்: மைக்ரோவேவுக்குள் பட்டாசு மாதிரி பொறி பறக்கிறது.

உள்சுவரில் அட்டை மாதிரி ஒரு மைக்கா தகடு இருக்கும். அதில் குழம்பு தெறித்துக் கருகியிருக்கும். அதே அளவுக்குப் புதுசு வெட்டிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் வெளி உறையை மட்டும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: 12 வருட கீசர் சொட்டுகிறது. மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் பிளம்பர்.

எங்கே சொட்டுகிறது? சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் குழாயில், தண்ணீர் சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது வால்வு தன் வேலையைச் செய்கிறது. நாள் முழுக்கச் சொட்டினால் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். கூரைக்குள் டாங்கியே கசிந்து கீழ்த்தட்டில் தண்ணீர் நின்றால்தான் மாற்ற வேண்டும், அதை ஒட்டவைக்க முடியாது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் பிளம்பருக்குச் சரி சொல்வதற்கு முன்னால் அவர்களுக்குப் போன் போடுங்கள்.

டோங்காட் (வேறொருவர்): கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய ப்ரீசர், பாதி காலியாகவே ஓடுகிறது.

இருப்பதை பிரிட்ஜின் ப்ரீசர் தட்டுக்கு மாற்றிவிட்டு அணையுங்கள். மூடியில் ஒரு கட்டையைக் கொடுத்துத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஸ்டாங்கர்: மாமா, அம்மாவின் பழைய ட்வின் டப் மெஷின் இன்னும் ஓடுகிறது. ஆட்டோமேட்டிக் வாங்கியாச்சு. இதை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

இரண்டு மோட்டர், திருகிவிடும் டைமர், அவ்வளவுதான் அதில். கரண்ட் வந்து அடித்தால் போவதற்கு போர்டே கிடையாது. தெரியாமல் ஸ்க்ராப்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள் மகளே. சனிக்கிழமை பாக்கியை (பின்னால் சாமான் ஏற்றும் வண்டி) எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.