எம்பிபிஎஸ் முதலாண்டு: நாள் முழுக்கப் படித்தும் மார்க் ஏன் ஏறவில்லை?

பெங்களூரில் முதலாண்டு படிக்கும் தம்பி, அனாட்டமியை மூன்று முறை வாசித்தும் இன்டர்னல் தேர்வில் மறந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் என்பதைவிட எப்படிப் படிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். படித்து முடித்த ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நின்றது. வாசிக்கும்போது 'இதெல்லாம் தெரியுமே' என்று தோன்றுகிறதே, அதுதான் ஏமாற்றுகிறது.

உதாரணத்துக்கு, பிரேக்கியல் பிளெக்ஸஸை (கைக்குப் போகும் நரம்புகளின் பின்னல்) புத்தகத்தைப் பார்க்காமல் வெறும் தாளில் வரையுங்கள். விட்டுப்போன கிளையை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். மறுநாள் ஒருமுறை, அந்த வாரக் கடைசியில் ஒருமுறை, அப்புறம் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். ஹாஸ்டலில் தமிழ் நண்பர் இருந்தால் தமிழிலேயே விளக்கிப் பாருங்கள், ஆனால் விடையை ஆங்கிலத்தில் எழுதியும் பழகிவிடுங்கள்.