மேயோக்காரர்களிடம் சொல்லக் கூடாத ஒன்று

கேள்வி: அயர்லாந்தில் மேயோ கவுண்டி, காசில்பார் ஊரில் நர்ஸாக இருக்கிறேன். வந்து ஒரு வருடம் ஆகிறது. சாப்பாட்டு நேரத்தில் இங்கே பேச்செல்லாம் மேட்ச் பற்றித்தான். எத்தனை முறை தோற்றாலும் 'இந்த வருஷம் நமக்குத்தான்' என்கிறார்கள். "பேசாமல் டப்ளினை சப்போர்ட் பண்ணலாமே, அவர்கள்தானே ஜெயிக்கிறார்கள்" என்று விளையாட்டாகச் சொன்னேன். மேசையே அமைதியாகிவிட்டது. இன்னொரு நாள், டெர்ரியிலிருந்து வந்த சக ஊழியர் அயர்லாந்து கால்பந்துச் சட்டை போட்டிருந்தார். "நீங்கள் வட அயர்லாந்துதானே, உங்கள் சொந்த நாட்டு டீம் வேறாயிற்றே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அன்றிலிருந்து பட்டும் படாமலும்தான் பழகுகிறார். இனி விளையாட்டு, அரசியல் இரண்டையும் பேசாமலே இருந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், காசில்பார்

பதில்:
அன்புச் சகோதரிக்கு,

பேசாமல் இருக்க முடியாதம்மா. அயர்லாந்தில் இந்த இரண்டையும் விட்டால் மழையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் டப்ளின் விஷயம். உங்கள் ஊர்த் தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நிற்கிறது. ஒருவர் வந்து, "பக்கத்து ஊர்த் தேர் நன்றாக ஓடுகிறதே, அதை இழுக்கப் போகலாமே" என்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் கேட்டது அதுதான். அவர்கள் பேசுவது கேலிக் கால்பந்து, பந்தைக் கையாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்த விளையாட்டு. அதில் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பொதுவாக அவரவர் பிறந்து வளர்ந்த கவுண்டிக்குத்தான் ஆடுவார்கள். சனிக்கிழமை மேட்ச் ஆடியவர் திங்கட்கிழமை உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் வாத்தியாராக இருக்கலாம். அணி மாறுவது என்ற பேச்சே அங்கே அர்த்தமில்லாதது.

அதிலும் மேயோக்காரர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்! அவர்கள் சாம் மகுவயர் கோப்பையை, அதாவது அகில அயர்லாந்துப் பட்டத்தை, கடைசியாகத் தூக்கியது 1951-இல். 1989 தொடங்கி 2021 வரை பதினோரு இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறார்கள். 2016-ஐ மட்டும் பாருங்கள். முதல் பாதியிலேயே இரண்டு சேம் சைடு கோல், இரண்டுமே மேயோ ஆட்கள் போட்டது. அப்படியும் விடாமல் ஆடி டப்ளினோடு சமன் செய்தார்கள். மறு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். 2013-இலும் 2017-இலும் அதே டப்ளின், அதே ஒரு புள்ளி. இப்போது தெரிகிறதா, மேசை ஏன் அமைதியானது என்று? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டீர்கள், போங்கள்.

சாபக் கதையையும் யாராவது சொல்லியிருப்பார்கள். 1951-இல் ஜெயித்த கையோடு ஊர் திரும்பும் வழியில், ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சாவு ஊர்வலத்துக்கு மரியாதை செய்யாமல் லாரியில் கொண்டாடிக்கொண்டே போனார்களாம். அந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை கோப்பை கிடையாது என்று பாதிரியார் சபித்தாராம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தோல்விக்கு ஒரு சாபம் இருந்தால், வீரர்கள்மேல் பழி போடாமல் அடுத்த வருடமும் டிக்கெட் வாங்கலாம். அதற்குத்தான் அந்தக் கதை பயன்படுகிறது. அவர்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். "இந்த வருஷம் டிஃபென்ஸ் எப்படி?" என்று கேளுங்கள், போதும். அரை மணி நேரம் நீங்கள் வாய் திறக்க வேண்டியிருக்காது.

டெர்ரி நண்பர் விஷயம் அவ்வளவு லேசானதில்லை. 'சொந்த நாடு' என்ற அந்த ஒரு சொல்லில்தான் சிக்கல். 1921-இல் தீவு இரண்டானது. தெற்கு பின்னாளில் தனிக் குடியரசானது, வடக்கு பிரிட்டனோடு இருந்துவிட்டது. அப்போது கால்பந்து (கேலிக் அல்ல, உலகமெல்லாம் ஆடும் கால்பந்து) நிர்வாகமும் உடைந்தது. பெல்ஃபாஸ்டில் ஒன்று, டப்ளினில் ஒன்று. ரக்பியும் கிரிக்கெட்டும் உடையவில்லை, இன்றும் தீவு முழுவதற்கும் ஒரே அணிதான். (2011-இல் பெங்களூரில் கெவின் ஓபிரையன் 50 பந்தில் சதம் அடித்து இங்கிலாந்தைச் சாய்த்தாரே, அந்த அணிதான்.) ரக்பி அணியில் பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், தீவு ஒன்றுசேர விரும்புவோர் என்று இரு தரப்பினரும் ஆடுவதால் யார் மனமும் நோகாதபடி 1995-இல் தனியாக ஒரு பாட்டையே உருவாக்கினார்கள். வெளிநாட்டில் ஆடும்போது குடியரசின் தேசிய கீதம் ஒலிக்காது, அந்தப் பாட்டு மட்டும்தான்.

டெர்ரி வட அயர்லாந்தில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்த ஊர்க் கால்பந்துக் குழுவான டெர்ரி சிட்டி 1985-இலிருந்து எல்லை தாண்டி வந்து குடியரசின் லீகில்தான் ஆடுகிறது. வடக்கில் பிறந்தவர் குடியரசு அணிக்கு ஆடவும் விதி இடம் கொடுக்கிறது. 1972 ஜனவரியில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் போனவர்களைச் சுட்டு, அன்றே 13 பேர் செத்த ஊர் அது. அங்கே எந்தச் சட்டை போடுகிறோம் என்பது வீட்டில் அப்பா எந்தப் பக்கம் என்பதோடு ஒட்டியிருக்கும். இதில் இன்னொரு கூத்து, இரண்டு அணிகளுக்கும் பச்சைச் சட்டைதான். உங்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். "அன்றைக்குத் தெரியாமல் கேட்டுவிட்டேன்" என்று ஒரே வரி. அப்புறம் உடனே டெர்ரி சிட்டி எப்படி ஆடுகிறது என்று கேட்டுவிடுங்கள். வடக்கா தெற்கா, ஒன்று சேர வேண்டுமா வேண்டாமா என்பதை அவராக எடுத்தால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி உள்ளூர் அரசியலைத் தாராளமாகப் பேசலாம். உங்கள் மேயோவிலிருந்து போய்ப் பிரதமரானவர் எண்டா கென்னி. அவருடைய அப்பா 1936-இல் கோப்பை வென்ற மேயோ அணியில் ஆடியவர். அதற்கு வெகு காலம் முன் பிரதமராக இருந்த கார்க் ஊர் ஜாக் லிஞ்ச், மட்டையால் ஆடும் ஹர்லிங்கும் கேலிக் கால்பந்துமாகத் தொடர்ந்து ஆறு வருடம் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர். மைதானத்திலிருந்து ஓட்டுக்குப் போகும் பாதை அங்கே பழையது. ஆனால் எப்போதும் பலிப்பதில்லை. மேயோவை மூன்று முறை ஒரு புள்ளியில் அழவைத்த டப்ளின் பயிற்சியாளர் ஜிம் கேவின், 2025 அதிபர் தேர்தலில் ஃபியனா ஃபால் கட்சிக்காக நின்றார். பழைய வாடகைப் பண விவகாரம் ஒன்று கிளம்ப, பாதியிலேயே விலகினார். வாக்குச்சீட்டில் பெயர் மட்டும் நின்றது. இதை உங்கள் சாப்பாட்டு மேசையில் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். டப்ளின் பேச்சால் வந்த அமைதி அதே பேச்சால் கலையக்கூடும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரியுமா? உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட அங்கே குடியுரிமை வேண்டியதில்லை, குடியிருந்தாலே போதும். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்தும் பழக்கம் அங்கே இல்லை. பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். எண்ணி முடிக்க நாள் கணக்கில் ஆகும். அதையும் மேட்ச் மாதிரியே நின்று பார்க்கிறவர்கள் உண்டு.

அதுவரை, காசில்பாரிலேயே இருக்கிற மெக்ஹேல் பார்க்கில் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டு, யாரோடாவது ஒட்டிக்கொண்டு போய் வாருங்கள். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், பின்வரிசையில் இருப்பவருக்கு மறைக்கும்.