பாட்டுப் பெட்டி: ஒரே தட்டில் மூன்று சீப் டிரிக்

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான சீப் டிரிக்கின் 1991 தொகுப்பான ‘தி கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ஸை இப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். பாடகர் ஒருவர்தான் என்று தெரிகிறது. ஆனாலும் இரண்டு மூன்று குழுக்களின் பாட்டைக் கலந்து போட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

பதில்: உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்தத் தட்டில் இருக்கும் பதின்மூன்று பாட்டுகளும் வந்த வரிசையில் அடுக்கப்படவில்லை. 1979இல் வந்த ‘ட்ரீம் போலீஸ்’ முடிந்த கையோடு 1988இல் வந்த ‘டோன்ட் பீ குரூயல்’ ஆரம்பிக்கும். ‘சரண்டர்’ 1978, அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் ‘தி ஃபிளேம்’ 1988. இடைப்பட்ட பத்தாண்டுகளில் ராக் பாட்டைப் பதிவு செய்யும் விதமே தலைகீழாகிவிட்டது. டிரம்ஸுக்குப் பெரிய மண்டபத்து எதிரொலி வந்தது, கிட்டார் நின்ற இடத்தில் கீபோர்டு வந்து உட்கார்ந்தது. அதையெல்லாம் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்துக் கேட்டால் தலை சுற்றத்தான் செய்யும்.

ஆட்களும் மாறினார்கள். இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் கிளம்பிய இந்த நால்வரில் டாம் பீட்டர்சன்தான் பேஸ், அதாவது அடியில் கனத்த சுரம் தருகிற கிட்டார், வாசித்தவர். பன்னிரண்டு கம்பி பேஸ் கிட்டார் அவருடைய யோசனை. ஆரம்ப கால ஆல்பங்களில் கீழே ஓர் இரண்டாவது கிட்டார் உறுமுவது போலக் கேட்கிறதே, அது அவர் கைவண்ணம். 1980இல் விலகிப் போனவர் 1987 வாக்கில்தான் திரும்பி வந்தார். அவர் இல்லாத காலத்துப் பாட்டுகள் இந்தத் தட்டில் நான்கு: ‘ஷீ’ஸ் டைட்’, ‘இஃப் யூ வான்ட் மை லவ்’, ‘ஐ கான்ட் டேக் இட்’, ‘டுநைட் இட்ஸ் யூ’. அடுத்த தடவை கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் பிடியுங்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்பது தானாகப் புரிந்துவிடும்.

தயாரிப்பாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1980இல் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே இவர்களுக்கு ஓர் ஆல்பம் செய்து கொடுத்தார். ‘ஆல் ஷுக் அப்’ என்று பெயர். அதிலிருந்து ஒரு பாட்டுக்கூட இந்தத் தட்டில் இல்லை. 1977இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தும் ஒன்றும் இல்லை. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான். முதல் ஆல்பம் இவர்களுடைய முரட்டுத்தனம் முழுதாகத் தெரிகிற இடம். ஹிட் பட்டியலில் ஏறாத பாட்டுகள் என்பதால் கழித்துக்கட்டிவிட்டார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் இந்தப் பானைக்குச் செல்லாது.

கேள்வி: ‘ஐ வான்ட் யூ டு வான்ட் மீ’ பாட்டுக்கு ஸ்டுடியோவில் பதிவான வடிவம் இருக்கும்போது, கூட்டம் கத்துகிற கச்சேரிப் பதிவை எதற்குத் தொகுப்பில் போட்டார்கள்?

பதில்: ஹிட் ஆனது கச்சேரிப் பதிவு என்பதால்தான். ஸ்டுடியோ வடிவம் 1977இல் ‘இன் கலர்’ ஆல்பத்தில் வந்தது. டாம் வெர்மன் தயாரிப்பு. பழைய மதுக்கடைப் பியானோ மாதிரி ஒன்று பின்னால் துள்ளிக்கொண்டிருக்க, வேகம் குறைவாக, கொஞ்சம் கிண்டலாகப் போகும். அமெரிக்காவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜப்பானில் கதையே வேறு. அங்கே இவர்கள் விமான நிலையத்தில் இறங்கியபோதே ரசிகைகள் மொய்த்தார்கள். 1978 ஏப்ரலில் அங்கே நடந்த கச்சேரிகளைப் பதிவு செய்து, ஜப்பான் சந்தைக்கு மட்டும் என்று நினைத்து ‘அட் புடோகான்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். இறக்குமதித் தட்டுகள் அமெரிக்காவில் கிடுகிடுவென விற்கத் தொடங்கின. கம்பெனி விழித்துக்கொண்டு 1979 பிப்ரவரியில் அங்கேயும் வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் ஆல்பம் நான்காம் இடம், இந்தப் பாட்டு ஏழாம் இடம். தயாராக இருந்த ‘ட்ரீம் போலீஸ்’ ஆல்பத்தையே இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

கச்சேரிப் பதிவை ஒருமுறை உன்னிப்பாகக் கேளுங்கள். பாடகர் ராபின் ஜாண்டர் பாட்டின் பெயரைச் சொல் சொல்லாக நிறுத்தி நிறுத்தி அறிவிக்கிறார். பன் ஈ. கார்லோஸின் டிரம்ஸ், ஸ்டுடியோ வடிவத்தைவிட நல்ல வேகத்தில் கிளம்புகிறது. அப்புறம், நீ அழுததை நான் பார்க்கவில்லையா என்று கேட்கிற அந்த வரி வருகிறதா, ‘அழுததை’ என்ற சொல்லை அரங்கமே பிடித்துக்கொண்டு திருப்பிக் கத்துகிறது. ஸ்டுடியோ வடிவத்தில் அந்த இடத்தில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். எழுதியவர் குழுவின் கிட்டார்காரர் ரிக் நீல்சன்தான், ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் ராயல்டியில் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. ஸ்டுடியோ ஒலி குழுவுக்கே பிடிக்காமல், 1990களில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியை வைத்து அந்த ஆல்பம் முழுவதையும் மறுபடி பதிவு செய்து பார்த்தார்கள் என்றால் பாருங்களேன்.

கேள்வி: சீப் டிரிக் வாசிப்பதைப் பவர் பாப், பவர் பாப் என்கிறார்கள். சாதாரண ராக்கிலிருந்து அதை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

பதில்: அந்தப் பெயரை 1967இல் முதலில் சொன்னவர் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். பீட்டில்ஸ் பாணி மெட்டு, பல குரல் சேர்க்கை, மூன்று நான்கு நிமிடத்தில் முடிகிற பாட்டு. ஆனால் கிட்டார் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குச் சத்தமாக. 1970களின் தொடக்கத்தில் பேட்ஃபிங்கர், ராஸ்பெர்ரிஸ், பிக் ஸ்டார் குழுக்கள் எல்லாம் செய்தது இதைத்தான்.

‘சரண்டர்’ நல்ல உதாரணம். பாட்டு போகப் போகச் சுருதி அரைச் சுரம் ஏறும், பிறகு இன்னொரு அரைச் சுரம் ஏறும். கவனிக்காவிட்டால் ஏறியதே தெரியாது, உற்சாகம் கூடுவது மட்டும் தெரியும். வரிகள் அதைவிட விஷமம். அப்பா அம்மாவைப் பற்றி அலுத்துக்கொள்ளும் ஒரு பையன், தூக்கத்திலிருந்து எழுந்து பார்க்கிறான். அவர்கள் சோபாவில் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் ஓடுவது அவனுடைய ‘கிஸ்’ ராக் குழு இசைத்தட்டு! இளைஞர்கள் பெற்றோரைத் திட்டுகிற பாட்டுகள் ராக்கில் ஏராளம். பெற்றோர் ஜாலியாக இருப்பதைப் பார்த்துத் திகைக்கிற பாட்டு அபூர்வம். அமெரிக்கப் பட்டியலில் அது 62ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை என்பதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கேள்வி: ‘தி ஃபிளேம்’ அவர்கள் எழுதிய பாட்டே இல்லையாமே. அதைப் போய் அவர்களுடைய தலைசிறந்த பாட்டு என்று கொண்டாடலாமா?

பதில்: தலைசிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். முதலிடம் பிடித்த ஒரே பாட்டு அதுதான், 1988 ஜூலையில். எழுதியவர்கள் பாப் மிட்செல், நிக் கிரஹாம். மாதிரி டேப்பைக் கேட்ட ரிக் நீல்சன் அதைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, கேட்க நன்றாக இருக்கிறது. வெளியாட்களின் பாட்டைப் பாடியே தீர வேண்டும் என்று கம்பெனி நெருக்கிய காலம் அது. ஆனால் ஒன்று, ஜாண்டர் பாடியிருப்பதைக் குறை சொல்ல வழியில்லை. கடைசி நிமிடத்தில் அந்தக் குரல் போகிற உயரத்துக்காகவே தொகுப்பில் அதற்கு ஓர் இடம் உண்டு. நான் அடுக்கியிருந்தால் ‘சரண்டர்’ பக்கத்தில் மட்டும் வைத்திருக்க மாட்டேன்.

கேள்வி: ஐந்து கழுத்துள்ள கிட்டார் நிஜமா?

பதில்: நிஜம். ரிக் நீல்சனுக்காக ஹேமர் கம்பெனி செய்து கொடுத்தது. இசைக்கு எத்தனை கழுத்து தேவை என்று கேட்காதீர்கள். வேடிக்கைக்கு ஐந்து தேவை.

கேள்வி: எல்லாப் பாட்டும் செல்போனில் கிடைக்கிறது. இனி கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்புக்கு என்ன வேலை? இதற்கு அடுத்து எதைக் கேட்பது?

பதில்: செயலிகள் காட்டும் ‘பிரபலமான பாட்டுகள்’ பட்டியலும் ஒரு தொகுப்புதான், யார் அடுக்கினார் என்று கேட்க ஆளில்லாத தொகுப்பு. 1991 தட்டில் குறை இருந்தாலும் சண்டை போட ஓர் ஆள் இருக்கிறார். யாரோ ஒருவர் உட்கார்ந்து, முதல் ஆல்பம் வேண்டாம், பீட்டில்ஸின் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ பாட்டை இவர்கள் பாடியது வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்து கேட்க வேண்டியது ‘ஹெவன் டுநைட்’, 1978. அதன் பிறகு முதல் ஆல்பம், ஜாக் டக்ளஸ் தயாரித்தது. பிடித்துப்போய் முழுதாக மூழ்க வேண்டும் என்றால் 1996இல் வந்த நான்கு தட்டுப் பெட்டி இருக்கிறது. இரண்டு தட்டு போதும் என்றால் 2004இன் ‘தி எசென்ஷியல்’. ‘தி டாக்டர்’ என்று 1986இல் ஓர் ஆல்பம் வந்தது. அதிலிருந்து இந்தத் தட்டில் ஒரு பாட்டும் எடுக்கவில்லை. அந்த முடிவில் மட்டும் தொகுத்தவரும் நானும் ஒரே கட்சி.