மின்வேதியியலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

வேதிவினையிலிருந்து மின்சாரம் எடுப்பது, மின்சாரத்தால் வேதிவினை நடத்துவது, இந்த இரண்டும்தான் மின்வேதியியல். துத்தநாகம் எலக்ட்ரான்களைச் சுலபமாக விட்டுவிடும், கரைசலில் இருக்கும் செம்பு அயனிகள் (எலக்ட்ரான்களை இழந்த செம்பு அணுக்கள்) அவற்றைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு உலோகங்களையும் தனித்தனிக் கரைசலில் வைத்த டேனியல் மின்கலத்தில் இந்த இழுப்பு சுமார் 1.1 வோல்ட். மும்பை தாதர் ஸ்டேஷனில் கூட்டம் மேம்பாலம் ஏறி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போகிற மாதிரி, எலக்ட்ரான்களும் ஒயர் வழியாகத்தான் சுற்றிப் போகும்.

புத்தகப் படத்தில் எதுவும் நகராது, பாவம், பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்கிறார்கள். போனிலேயே ஓடும், இந்த மின்கலத்தைக் காட்டும் ஒரு சிமுலேஷனில் துத்தநாக அயனியின் செறிவை மட்டும் பத்து மடங்கு கூட்டிப் பாருங்கள், வோல்டேஜ் வெறும் 0.03 வோல்ட் குறையும், செறிவு மாறினால் வோல்டேஜ் எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு சொல்வது கண்ணெதிரே நடக்கும். அப்புறம் லாமிங்டன் ரோட்டில் ஒரு மலிவான மல்டிமீட்டர் வாங்கி, எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் ஒன்றையொன்று தொடாமல் குத்தி அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட 0.9 வோல்ட் காட்டும். தாராவியில் லேப் வசதி இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளையும் வீட்டிலேயே செய்யலாம்.

மின்சாரம் பழத்துக்குள் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஆணியின் துத்தநாகம் கரைந்து எலக்ட்ரான்களைத் தருகிறது, சாற்றில் இருக்கும் அமிலம் செம்புப் பக்கத்தில் அவற்றை வாங்கிக்கொள்கிறது.