போர்ஷே 944-இல் கூலன்டில் எண்ணெய் கலந்தால்

வணக்கம் நண்பரே. உங்கள் 1986 போர்ஷே 944-இன் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டாங்கில் பழுப்பாக எண்ணெய் மிதக்கிறது, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போயிருக்கும், இன்ஜினையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில் கூலன்ட் கலக்காமல் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் ஆயில் கூலரின் (கூலன்டைக் கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி) சீல்கள்தான் காரணம். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்டைவிட அதிகம். அதனால் சீல் தேய்ந்தால் ஆயில்தான் அந்தப் பக்கம் போகும். இந்தக் காருக்கு இது பழகிய நோய். சீல்கள் விலை குறைவு, வேலைதான் அதிகம். பழைய மூன்று துண்டு பிரஷர் ரிலீஃப் வால்வு (ஆயில் அழுத்தம் மிகாமல் காப்பது) என்றால், அதை நேராக உட்காரவைக்கும் கருவி இல்லாமல் கூலர் ஹவுசிங்கை முடுக்கவே கூடாது. அப்புறம் கூலிங் சிஸ்டத்தை நன்றாக அலசுங்கள். எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆன ஹோஸ்களை மாற்றுங்கள்.

டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க வைப்பது) எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் அதையும், பேலன்ஸ் ஷாஃப்ட் (இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் தண்டு) பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

டர்போ போட்டுச் சக்தியைக் கூட்டும் ஆசை இருந்தால், அது பிறகு. கியர்பாக்ஸைப் பின்னால் வைத்து எடையைச் சமமாகப் பிரித்த கார் இது; சஸ்பென்ஷன் புஷ்களை (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்) புதிதாக்கி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம்.