வாராந்திர அறிக்கை: வடிவம் மறப்பதும் கூட்டல் தப்புவதும்

வணக்கம். ஒவ்வொரு வாரமும் விற்பனைக் குறிப்புகளை ஏஐயிடம் கொடுத்து அறிக்கை கேட்கிறீர்கள், புது சாட் திறந்தால் ஏஐ வடிவத்தை மறந்துவிடுகிறது, போன வாரம் கூட்டுத்தொகையும் தப்பாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி நேரத்தில் இப்படி ஆனால் எவ்வளவு பதற்றம் என்று தெரியும்.

வடிவத்துக்கு 'புராஜெக்ட்ஸ்' வசதி போதும்; அதில் வைக்கும் கோப்புகளும் குறிப்புகளும் அதற்குள் திறக்கும் ஒவ்வொரு புது சாட்டிலும் கூடவே இருக்கும். கிளாட் என்ற ஏஐயில் 2024 ஜூனிலும் சாட்ஜிபிடியில் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தது. ஒரு புராஜெக்ட் திறந்து, உங்களுக்குத் திருப்தியாக வந்த பழைய அறிக்கை ஒன்றை அதில் ஏற்றி, அதே அமைப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள். பத்து வரி விளக்கத்தைவிட ஒரு நல்ல மாதிரி அதிகம் சொல்லும்.

கூட்டல்தான் கவனிக்க வேண்டிய இடம். இந்த ஏஐ மாடல்கள் அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து எழுதுபவை. எண்களையும் அப்படியே எழுதினால் நீளமான அட்டவணையில் எங்காவது சறுக்கும். அதனால் எக்செல் கோப்பாகவே ஏற்றி, "பைதான் நிரல் எழுதி, அதை இயக்கிக் கூட்டு" என்று கேளுங்கள் (பைதான் ஒரு கணினி நிரல் மொழி). அப்போது கணக்கைப் போடுவது நிரல், ஊகம் இல்லை.

அப்படியும் ஒரு பொறி உண்டு. எக்செல் அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் 125 என்பதற்குப் பதில் "125 பெட்டி" என்று இருந்தால் நிரல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம். எனக்கு அப்படி மூன்று வரிகள் போயின. "எத்தனை வரிகளைக் கூட்டினாய், எவற்றை விட்டாய்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், வாடிக்கையாளர் பெயர், போன் எண் இருக்கும் நெடுவரிசைகளை ஏற்றுவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.