கிழமைக்கு 3,000 மைல் ஓட முடியுமா?

தம்பி, பெரிய ட்ரக் ஓட்டுகிற ஏஸெட் லைசென்ஸ் எடுத்து ரொறன்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓடத் தொடங்கியிருக்கிறீர்கள். சேரும்போது கிழமைக்கு 3,000 மைல் என்றார்கள், கையில் வருவது 2,200 தான், மற்ற ஆட்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 3,000 பொய் இல்லை. ஆனால் எல்லா ஓட்டத்திலும் அது வராது.

10 மணித்தியாலம் ஓய்வு, பிறகு 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலம் ஓட்டலாம், 8 மணித்தியாலம் ஓட்டியதும் அரை மணித்தியாலம் நிறுத்தவேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தைப் படித்திருப்பீர்கள். புதிதாக வருகிறவர்கள் அந்த 11-ஐயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மைலைத் தீர்மானிப்பது 70. எட்டு நாளில் 70 மணித்தியாலம் வேலை செய்துவிட்டால் அதற்குமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. எட்டால் பிரித்துப் பாருங்கள், ஒரு நாளுக்கு எட்டே முக்கால் மணித்தியாலம்தான். காலையில் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது, டீசல் அடிப்பது, எல்லைப் பாலத்தில் நிற்பது, லோட் ஏற்றுகிற இடத்தில் கையெழுத்துக்கு அலைவது எல்லாம் அதற்குள்தான் வரும். முதல் ஐந்து நாளும் 11 ஓட்டி ஒரு மணித்தியாலம் மற்ற வேலை செய்தால் 60 போய்விடும். ஆறாம் நாள் 10 தான் மிச்சம்.

வேகமாக ஓடி இதைச் சரிக்கட்டலாம் என்று நினைக்கவேண்டாம். ஒன்ராறியோவில் பெரிய ட்ரக்கின் வேகத்தை 105 கிலோமீட்டரில் பூட்டி வைத்திருக்கவேண்டும், அது 65 மைல். 62-இல் போவதற்கும் 65-இல் போவதற்கும் பத்து மணித்தியாலத்தில் 30 மைல்தான் வித்தியாசம். லோட் ஏற்றி இறக்குகிற டொக்கில் ஒரு போர்க்லிஃப்ட்காரர் தேத்தண்ணி குடிக்கப் போனால் அந்த 30 மைலும் போயிற்று.

உங்கள் 2,200 எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சிக்காகோ ஓட்டம் கொடுக்கிறார்கள், இல்லையா? ஒரு பக்கம் 520 மைல் அளவு. காகிதத்தில் கிழமைக்கு மூன்று தரம் போய்வந்தால் 3,000 தாண்டும். ஆனால் மூன்று தரம் என்றால் ஆறு தரம் பாலம், ஆறு தரமாவது டொக். சார்னியா பாலத்தில் வரிசை இருந்தால் அதுவும் உங்கள் மணித்தியாலம்தான். கடைசியில் இரண்டு ட்ரிப்பும் ஒரு சின்ன லோடும்தான் மிஞ்சும். டாலஸ் ஓட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் 1,400 மைலுக்குக் கொஞ்சம் மேல். சராசரி 55 என்று வைத்தால் போக 26 மணித்தியாலம், வர 26, ஆக 52. மற்ற வேலைக்கு ஒரு பத்து மணித்தியாலம் சேர்த்தாலும் 70-க்குள் நிற்கும். பாலம் இரண்டு தரம், இறக்கி ஏற்றுவது ஒரு தரம், மைல் 2,850-க்குக் கிட்ட. 3,000 ஓடுகிறேன் என்று சொல்கிற ஆளிடம் எந்த ஊருக்கு ஓடுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரே வண்டியை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டி டீமாக ஓடுகிறவர்களின் கதை வேறு, அதை உங்களோடு ஒப்பிடாதீர்கள்.

அடுத்தது டொக். பலர் வந்து சேர்ந்ததும் பெயர் கொடுத்துவிட்டு சீட்டிலேயே இருந்து போன் பார்ப்பார்கள், மணித்தியாலக் கணக்கைப் பதிகிற ஈஎல்டி கருவியில் ஓன்-டியூட்டி, அதாவது வேலை நேரம், ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே உங்களுக்கு வேலை எதுவும் இல்லை, கூப்பிடும்வரை நீங்கள் சுதந்திரம் என்றால் அதை ஸ்லீப்பருக்கு, அதாவது சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் எடுக்கிற ஓய்வுக்கு, மாற்றிவிட்டு உண்மையாகவே பின்னால் போய்ப் படுங்கள். அந்த நேரம் 70-இல் சேராது. மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் அப்படிக் கிடைத்து, அன்று இரவு இன்னொரு 7 மணித்தியாலம் ஸ்லீப்பரில் எடுத்தால் இரண்டும் சேர்ந்து 10 ஆகிவிடும், டொக்கில் போன மூன்றும் 14-இலும் கழியாது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 7 முடிந்ததும் முழு 11 திரும்பி வராது. டொக்கை விட்டு வெளிக்கிட்ட பிறகு ஓட்டியதைக் கழித்து மிச்சம்தான் கிடைக்கும். இது அமெரிக்கப் பக்கத்துக் கணக்கு. கனடாவில் ஓய்வை இப்படிப் பிரிக்கிற விதி வேறு, குழப்பிக்கொள்ளவேண்டாம்.

முடிந்தால் விடிய மூன்று நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். பின்னேரம் ஆறு ஏழுக்குப் பிறகு பெரிய நகரங்களுக்குக் கிட்ட ட்ரக் ஸ்டொப்பில் இடம் பிடிப்பது சண்டை. இடம் தேடி ஒவ்வொரு எக்ஸிட்டாக ஏறி இறங்குகிற அரை மணித்தியாலத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். குளிர்காலத்தில் பஃபலோ பக்கம் எதிர்பாராமல் பனி கொட்டினால் சட்டத்தில் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக ஓட்ட இடம் உண்டு, ஆனால் அது 11-க்கும் 14-க்கும்தான். 70-ஐ நீட்டாது.

பிறகு ரீசெட். 34 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுத்தால் அமெரிக்கக் கணக்கில் 70 புதிதாகத் தொடங்கும். நம்மவர்கள் பலர் இங்கேதான் தடுக்குகிறார்கள். நீங்கள் ஓட்டத்தைத் தொடங்குவது ரொறன்ரோவில். இங்கே கனடா விதியில் 'முதல் சுழற்சி' என்கிற கணக்கு 7 நாளில் 70 மணித்தியாலம், அதைத் திருப்ப 36 வேண்டும். சனி மத்தியானம் வண்டியை நிறுத்தினால் ஞாயிறு இரவு 10 மணிக்கு அமெரிக்கக்காரருக்குச் சரி, 401 நெடுஞ்சாலையில் மறிக்கிற ஒன்ராறியோ அதிகாரிக்கு நடுச்சாமம்தான் சரி. பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் கணக்குக் காட்டவேண்டும் அல்லவா. அதனால் வெள்ளிக்கிழமையே, உங்களுக்கு லோட் கொடுக்கிற டிஸ்பாச்சரிடம் எத்தனை மணித்தியாலம் மிச்சம் என்று சொல்லிவிடுங்கள். ரீசெட் வீட்டில் விழவேண்டும். ஒகாயோவில் ஒரு ட்ரக் ஸ்டொப்பில் இரண்டு நாள் கிடந்தால் மைலும் இல்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை.

பழைய அண்ணைமார் கிழமைக்கு 3,500 ஓடினோம் என்று கதைப்பார்கள். அது ஓட்டிய மணித்தியாலத்தைக் கையால் எழுதிய காகித லொக் காலம். அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்து ஈஎல்டி கட்டாயம், கனடாவில் 2023 ஜனவரியிலிருந்து பிடித்து அபராதம் போடுகிறார்கள். லொக்கை "கொஞ்சம் திருத்தித் தருகிறோம்" என்று சொல்கிற கொம்பனியில் ஒரு கிழமைகூட நிற்காதீர்கள். பிடிபட்டால் பதில் சொல்லவேண்டியது நீங்கள்.

இன்னொன்று, உங்களுக்கு எந்த மைலுக்குக் காசு தருகிறார்கள் என்று கேட்டீர்களா? ஓடோமீட்டர் மைலா, கம்பியூட்டர் போடுகிற மைலா? இரண்டாவது பெரும்பாலும் குறைவாகவே வரும். நீங்கள் சொல்கிற 2,200 உண்மையில் 2,300-க்கு மேல் ஓடியதாகக்கூட இருக்கலாம். டொக்கில் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் நின்றால் காசு உண்டா, பாலத்தில் நின்றால் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், சிக்காகோவுக்குப் பதிலாக டாலஸ் மாதிரி நீள ஓட்டம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு தந்தால்கூட உங்கள் சராசரி 2,500-க்கு வந்துவிடும். அதுவும் தரமாட்டோம் என்றால் பிரம்டனிலும் மிசிசாகாவிலும் ட்ரக் கொம்பனி யார்டுகளுக்குக் குறைவில்லை.